வேறொருவர் பாடு

எண்ணூர் கழிமுகத்தில் இறால் வலை போடுகிறவர் அவர். திருவொற்றியூர் ஆஸ்பத்திரி ஒன்றில், பெருங்குடல் புற்றுநோய் மருந்துச் சோதனைக்கு நோயாளிகளைச் சேர்ப்பது அப்போது என் வேலை. அப்படி வந்தவர்தான் அவர்; வெயிலில் கறுத்து ஒடுங்கிய மனிதர். உட்காரும் முன் ஜன்னலருகே போய், தூரத்து அனல்மின் நிலையப் புகைபோக்கியின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று காற்றின் திசை பார்ப்பார்.

"உங்களுக்குப் புது மருந்தா, பழைய மருந்தான்னு இந்த உறையைப் பிரிச்சாத்தான் எனக்கே தெரியும்" என்றேன். பலர் எழுந்து போவது இந்த இடத்தில்தான்.

"வலை போடற எடத்துக்கு நாங்களும் சீட்டு குலுக்கித்தாம்மா பாடு பிரிப்போம், யாருக்கு எந்த எடம்னு" என்று கையெழுத்துப் போட்டார்.

பிரித்தேன். பழைய மருந்து. புதியது விழ வேண்டுமென்று எனக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். கை தானாக அடுத்த உறைக்குப் போனது.

"அத்த வையும்மா. அது வேற ஒருத்தன் பாடு."

"உங்க உயிருங்க..."

"பழசு போட்டுக்கறவன் நாலு பேரு இல்லேன்னா, புதுசு ஒசத்தியான்னு எத்த வச்சிம்மா பாப்ப?"

ஆறு மாதம் ஒரு ஊசிகூடத் தவறாமல் வந்தார். வரும்போதெல்லாம் புகையைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்த முதல் நாளே, என் கை மறுபடி நீளாதிருக்க, உறைகளை அலமாரியில் பூட்டி, சாவியை நர்ஸிடம் கொடுத்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியாது.