லீவரில் காய்ந்த சந்தனம்

லுணுகலையிலிருந்து பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தபோது ரோஸ்லின் அக்காவின் தங்கை மகள் ஜெசிந்தாவின் அழைப்பு வந்தது. "அங்கிள், பெரியம்மா போயிட்டாங்க," என்றாள். பிறகு, "கடைத் திறப்பு தலகாணிக்குக் கீழதான் இருந்துச்சு," என்றாள். ரோஸ்லின் அக்கா காலமான செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. உயிரோடு இருந்தவரை கடைச் சாவியை அவர் பிறர் கைக்கு விட்டதில்லை; அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் அது உண்மை என்று மனதில் பதிந்தது.

பதுளைக் கடைவீதியின் துப்பாக்கிக் கடையை, எங்கள் பேச்சில் துவக்குக் கடையை, உங்களில் பலருக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்து பங்களாக்களின் துவக்குகளைப் பழுது பார்ப்பதற்காக அக்காவின் தந்தை அந்தோனிமுத்து தொடங்கிய கடை அது. தந்தைக்குப் பின் அக்கா நடத்தினார். பிற்காலத்தில் டோர்ச்சும் பற்றரியும் தூண்டில் நரம்பும்தான் அங்கே அதிகம் விற்றன. அனுமதிப் பத்திரம் வைத்திருக்கும் விவசாயிகள் எப்போதாவது தோட்டா வாங்க வருவார்கள். புதிதாக வருகிறவர் அக்காவைப் பார்த்துத் தயங்கி, "ஐயா இல்லீங்களா?" என்று கேட்பார். அக்கா சுவரில் இருந்த தந்தையின் படத்தைக் காட்டுவார். "இருக்காரு. ஆனா பேசமாட்டாரு. எங்கிட்ட சொல்லுங்க."

அந்தப் படத்துக்குக் கீழே, கண்ணாடி அலுமாரியில் சங்கிலியிட்டு, ஒரு லீவர் ரைபிள் இருந்தது. தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்த பழைய துரை ஒருவருடையது. விசைக்குக் கீழே வளையம் போன்ற ஒரு பிடி இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெற்றுக்கூடு வெளியே தெறித்து அடுத்த தோட்டா உள்ளே ஏறும். கௌபாய் படங்கள் பார்த்த எவரும் அந்த அலுமாரியை நின்று பார்க்காமல் தாண்டிப் போனதில்லை. இளைஞர்கள் கைபேசியில் படம் பிடிப்பார்கள். வசதியுள்ளவர்கள் விலை கேட்பார்கள். இந்த நாட்டில் அப்படியொன்றைக் கடையில் வாங்க வழியில்லை. துரைமார் விட்டுச் சென்றவை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. அவற்றுக்கு ஏற்ற தோட்டாக்கள் வருவதும் நின்றுவிட்டது. அதனாலேயே ஆசை கூடியது என்று நினைக்கிறேன்.

எல்லோருக்கும் அக்காவிடம் ஒரே பதில்தான். "அது ரிப்பேருக்கு வந்த சாமான். சொந்தக்காரர் வந்தாத்தான் குடுப்பேன்." வீட்டு முன்னறையில் மாட்டி வைக்க ஆசைப்பட்ட ஒப்பந்தக்காரர் ஒருவர் பொறுமையிழந்து, "அந்தத் துரை செத்து மண்ணாப் போயிருப்பான்!" என்றார். அக்கா கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்: "அப்ப அந்த மண்ணு வந்து கேக்கட்டும்."

சில ஆண்டுகளுக்கு முன், காட்டுப்பன்றிகள் மரக்கறிப் பாத்திகளைக் கிளறி நாசமாக்குவது பற்றிச் செய்தி எழுதினேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் சனங்களுக்கு நிலப் பத்திரம், அதாவது காணி உறுதி, இல்லை. உறுதி இல்லாதவர்களுக்குப் பயிர் காக்கத் துவக்கு அனுமதி கிடைப்பது அரிது. அதைப் பற்றி அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது மடுல்சீமையிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவர் ஆறுமுகம், தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் அவருடைய மச்சான் ராசையா. ஆறுமுகம் வேறெதையும் பார்க்கவில்லை. நேரே ரைபிளிடம் போய், அதன் கட்டையில் செதுக்கியிருந்த மான் தலையைக் குனிந்து பார்த்தார்.

"இதேதான். அப்பா சொன்ன அதே மான் தல. என்னா வெலங்க அக்கா?"

"விக்கிறதில்ல தம்பி. லைசன்ஸ் இருக்கா?"

"இல்லீங்க."

"பின்ன எதுக்கு?"

ராசையா முந்திக்கொண்டார். "ஓயா ஆத்துல போடத்தாங்க! கல்லக் கட்டித் தண்ணிக்குள்ள தள்ளணுமாம். மச்சான், இரும்புதானே, தன்னால முங்கிரும், கல்லு எதுக்குன்னு கேட்டா அதுக்கும் கோவிக்கிறாரு."

ஆறுமுகம் சிரிக்கவில்லை. வாங்குப் பலகையில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார்.

அவருடைய தந்தை வேலு, அந்தத் துரையின் ரைபிளைச் சுமக்கும் ஆளாக இருந்தார். தோட்டத்துக் கோயிலில் ஆயுத பூசையன்று தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் சாமி முன்னால் அடுக்கப்படும். துரையும் தன் ரைபிளை வேலுவிடம் கொடுத்தனுப்புவார். ஒரு வருடம் வேலு அதன் குழலிலும் லீவரிலும் தாராளமாகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். மறுநாள் காலை துரை வேட்டைக்குப் போனார். முதல் சூடு பன்றியைக் காயப்படுத்தியது. இரண்டாவது சூட்டுக்கு லீவரைத் தள்ளினார். அது பாதியில் இறுகி நின்றது. பன்றி திரும்பி வந்து துரையின் தொடையைக் கிழித்தது. அவரைத் தோளில் போட்டு பங்களாவுக்குக் கொண்டுவந்தவர் வேலுதான். சந்தனம் காய்ந்துதான் துவக்கு இறுகியது என்று துரை சொன்னார். வேலுவுக்கு வேலைநீக்கச் சீட்டு, தோட்டத்தில் சொல்லும் பற்றுச்சீட்டு, எழுதப்பட்டது. வேலையும் குடியிருந்த லயக்காம்பராவும் ஒன்றாகவே போயின.

"அப்பாவும் அத நம்பிட்டாருங்க," என்றார் ஆறுமுகம். "சாகுற வரைக்கும் எந்தப் பூசையிலயும் சந்தனத்தத் தொடல. இப்ப வர்ற மாசம் என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ள வீட்டுக்காரரு சிரிச்சுக்கிட்டே கேக்குறாரு, 'வாசல்ல நீங்களா சந்தனம் குடுக்கப் போறீங்க? எங்க ஆளுங்க கையி எறுகிரப் போகுது'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எம் மக மட்டும் தலையக் குனிஞ்சுக்கிட்டா. அந்தப் பேச்சோட இந்தத் துவக்கும் ஒழியட்டும்னுதாங்க வந்தேன்."

அக்கா உள்ளே போனார். பழைய தைல டப்பா ஒன்றோடு திரும்பினார். அதற்குள் மருந்து நீக்கிய ஒரு தோட்டா இருந்தது. அதன் பித்தளை உடலில் ஆழமான கீறல். அலுமாரியில் இருந்த, அந்த ரைபிளுக்கே உரிய பழைய தோட்டாக்கூடு ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் நிறுத்தினார். டப்பாவில் இருந்ததன் பித்தளைக்கூடு மட்டுமே அதைவிட ஒரு நகத்தளவு கூடுதல் நீளமாக இருந்தது.

"இதுதான் அன்னைக்கு உள்ள சிக்கினது. துவக்கக் கழட்டி எங்கப்பா எடுத்தாரு, நான் பக்கத்துல விளக்குப் புடிச்சேன். அப்ப சரியான தோட்டா கிடைக்கிறதில்ல. துரை யாருகிட்டயோ வேற ரைபிள் தோட்டாவ வாங்கிப் போட்டிருக்காரு. அப்பா அத அவரு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. கோவிச்சுக்கிட்டுப் போனவரு திரும்பி வரவேயில்ல. ஆனா ஒரு மனுசனுக்கு வேல போச்சுன்னு எங்களுக்குத் தெரியாது தம்பி. கடவுளே, தெரியாது."

ஆறுமுகம் அந்தத் தோட்டாவைக் கையில் எடுக்கவே பயந்தார். ராசையா தலையைச் சொறிந்தார். "இருந்தாலும் அக்கா, சந்தனமும் கொஞ்சம் எறுக்கியிருக்கும்ல?"

நானாக இருந்தால் அவரை அதட்டியிருப்பேன். ஆறுமுகத்தின் முகம் அப்படி வாடிப்போனது. அக்கா ராசையாவைக் கோபிக்கவில்லை. சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார்: "இருக்கலாம். அத எங்கப்பாவும் பாக்கல, நானும் பாக்கல. பாத்துருவோம். போயி சந்தனம் வாங்கிட்டு வாங்க."

ராசையா கோயிலடியிலிருந்து வாங்கி வந்தார். அக்கா சங்கிலியைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்பதைப் பார்த்து, எங்களுக்கும் காட்டி, ரைபிளை மேசைமேல் கிடத்தினார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கர், எண்ணெய் படிந்த விரலைக்கூட அதன் மேல் அனுமதிக்காதவர், ஆறுமுகத்திடம் சொன்னார்: "உங்கப்பா எப்பிடிப் பூசுவாரோ அப்பிடிப் பூசுங்க. கஞ்சத்தனம் வேணாம்." ஆறுமுகம் குழலில் தொடங்கினார். லீவரின் இடுக்குகளிலும் அப்பிவிட்டார். அன்று போலவே ஒரு இரவு காயட்டும் என்று அக்கா கடையைப் பூட்டினார்.

மறுநாள் காலை நானும் போனேன். சந்தனம் வெடித்துக் காய்ந்திருந்தது. "இழுங்க தம்பி," என்றார் அக்கா.

"நானாங்க? அப்பா இத எத்தனையோ வருசம் சுமந்தாரு. ஒருக்காகூட இழுத்ததில்லீங்க."

"அதுக்குத்தான் சொல்றேன்."

அவர் லீவரைப் பிடித்துக் கீழே தள்ளினார். அது ஒரு தடையுமின்றி இறங்கியது. மேலே இழுத்தார். இரும்பு இரும்பில் சென்று அமரும் அந்தச் சத்தம் கடை முழுவதும் கேட்டது. சந்தனப் பொருக்குகள் மேசைக் கண்ணாடியில் உதிர்ந்தன. மீண்டும் தள்ளினார், மீண்டும் இழுத்தார். அழுதுகொண்டே இழுத்தார். கடைசியில் ராசையாதான் தோளைத் தொட்டு, "போதும் மச்சான், தேஞ்சிரும்," என்றார்.

ரைபிளை ஓயாவில் போடும் பேச்சு அதோடு முடிந்தது. அவர்கள் போன பிறகு, இவ்வளவு காலம் அதை ஏன் விற்காமல் வைத்திருந்தார் என்று கேட்டேன். "ரிப்பேர் சாமானக் குடுக்கும்போது என்ன பிழைன்னு சொல்லித்தான் குடுக்கணும், தம்பி. துரை பிழையக் காது குடுத்துக் கேக்காமப் போயிட்டாரு. கேக்குற ஆள் வரட்டும்னு அப்பா சொன்னாரு," என்றார். அந்தச் சந்தனத்தை அவர் முழுவதும் துடைக்கவில்லை.

ஆறுமுகத்தின் மகளுடைய திருமணத்துக்கு அக்கா போனார் என்பது எனக்கு அவருடைய அடக்கத்தின்போதுதான் தெரிந்தது. கல்லறைத் தோட்டத்து வாசலில் ஆறுமுகம் சொன்னார். "எம் மகளுக்குக் குடுக்க அந்தத் தைல டப்பாவோட வந்தாங்க. வாசல்ல நான் சந்தனக் கிண்ணத்தோட நிக்கிறேன், மாப்பிள்ள வீட்டாளுங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிக்கிறாங்க. இவங்க முன்னால வந்து ரெண்டு கையிலயும் அப்பிக்கிட்டாங்க. காயுற வரைக்கும் வாசல்லயே நின்னாங்க. அப்பறம் எல்லாரும் பாக்க வெரல மடக்கி மடக்கி நீட்டிக் காட்டுனாங்க. 'எறுகல சம்பந்தி, நீங்களும் வாங்கிக்கங்க'ன்னாங்க. அந்த மனுசன் கைய நீட்டுனாரு. எங்கப்பா பேர அதுக்கப்பறம் ஒருத்தனும் சிரிச்சுக்கிட்டுச் சொன்னதில்லீங்க."

கடையின் அனுமதிப் பத்திரம் அக்காவோடு முடிந்ததால் அங்கே இருந்தவற்றைப் பொலிசார் பொறுப்பேற்ற அன்று, துணைக்கு வரும்படி ஜெசிந்தா என்னை அழைத்தாள். அதிகாரி லீவர் ரைபிளைப் புரட்டிப் பார்த்து, இடுக்கில் மஞ்சளாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டினார். "துரு பிடித்துவிட்டதே," என்றார் சிங்களத்தில். துரு அல்ல, சந்தனம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சுரண்டுவதை நிறுத்தினார்.

ரைபிள் போய்விட்டது. டப்பா ஆறுமுகத்தின் மகளிடம் இருக்கிறது. உள்ளே தோட்டா இல்லை, அதையும் பொலிசாரிடம் ஒப்படைத்துவிட்டோம். என்னிடம் இருப்பது, ராசையாவின் சந்தேகத்துக்கு அக்கா சொன்ன பதில் மட்டும்தான். ஒரு மனிதர் மீது பழி சொல்லும் செய்தி என் மேசைக்கு வரும்போதெல்லாம், அந்தக் குரல் அவசரமில்லாமல் கேட்கிறது: "நானும் பாக்கல. பாத்துருவோம்."