பஞ்சு இருமல்

ஐம்பத்தேழாம் வருஷக் கோடையில் ஊரே காய்ச்சலில் கிடந்தபோது நான் ஊட்டிக்கு டூர் போனேன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. சுற்றி வளைத்து ஆரம்பித்தால் எனக்குச் சாதகமாகச் சொல்லத் தொடங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது. திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட நீளமான கூடம், அதற்குள் பதினைந்து பேர், அவ்வளவுதான். நாள் முழுக்கப் பஞ்சு பறக்கும். சாயங்காலம் வெளியே வரும்போது புருவமும் மீசையும் வெளுத்திருக்கும். இருமல் எங்களுக்கு ஒரு நோயே கிடையாது. பனியன் கம்பெனிக்காரன் இருமினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். "பஞ்சு இருமல்" என்று சொல்லிக் கையில் ஒரு துண்டு கருப்பட்டி கொடுப்பார்கள். கருப்பட்டி தின்றால் தொண்டையில் ஒட்டின பஞ்சு இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம்.

அந்த வருஷம் வந்தது வேறு இருமல். கப்பலில் வந்து மெட்ராஸில் இறங்கிய காய்ச்சல், உலகம் பூராவும் பரவிக்கொண்டிருக்கிறது என்று டீக்கடையில் பேப்பரை உரக்கப் படித்தார்கள். 'புளூ' என்றார்கள். எங்கள் கம்பெனியில் முதலில் இரண்டு பேர் படுத்தார்கள். பிறகு தையல் மெஷின் வரிசையே காலியானது. நானும் மூன்று நாள் போர்வைக்குள் நடுங்கிவிட்டு நாலாம் நாள் எழுந்தேன். காய்ச்சல் போய்விட்டது, இருமல் போகவில்லை. முதலாளி கதவைப் பூட்டிக்கொண்டே எங்களிடம் சொன்னார்.

"ஒரு வாரத்துக்கு லீவுங்கப்பா. எல்லாரும் அவங்கவங்க ஊட்டுலயே கெடங்க. அங்க இங்க சுத்தி நோவை இழுத்துக்கிட்டுப் போயராதீங்க."

இரண்டு காதாலும் கேட்டேன். ஆனால் மனசில் தங்கியது 'லீவு' என்ற ஒரு சொல்தான். தொடர்ந்தாற்போல் ஒரு வாரம் லீவு என்பதை நான் அதுவரை கண்டதே இல்லை. பொங்கலுக்கே இரண்டு நாள்தான்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் அம்மை போட்டிருந்தால் வாசலில் வேப்பிலைக் கொத்து கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வெளியாள் உள்ளே போகக்கூடாது, உள்ளே இருப்பவர் வெளியூர் போகக்கூடாது. பால்காரர்கூடப் படிக்கு வெளியிலேயே ஊற்றிவிட்டுப் போவார். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை அப்படித்தான். இதை யாரும் யாருக்கும் சட்டம் போட்டுச் சொன்னதில்லை. முந்தின வருஷம் எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியபோது, நானே பதினைந்து நாள் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். அவ்வளவு பயபக்தி. ஆனால் புளூ காய்ச்சலுக்கு யாரும் வேப்பிலை கட்டவில்லை. அது ஆத்தா கொடுத்தது அல்ல, கப்பல் கொடுத்தது. கொத்து தொங்காத வாசலைத் தாண்டுவது எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை.

கூட வேலை பார்த்த தையல்காரன் ஒருவன் எனக்குக் கூட்டாளி. அவன்தான் ஆரம்பித்தான். "மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்கறதுக்கு ஊட்டிக்காவது போயிட்டு வரலாம் வாடா. நமக்கெல்லாம் இனி எப்ப ஒரு வாரம் லீவு கெடைக்கப்போவுது?" அவன் மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. அவன் வாயெடுக்கும் முன்பே நான் மனசுக்குள் பையைக் கட்டிவிட்டிருந்தேன்.

மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் காலையில்தான் புறப்படும். முதல் நாள் ராத்திரி அங்கே தங்க வேண்டும். அங்கே என் அக்கா இருந்தாள். மாமா உருளைக்கிழங்கு மண்டியில் எழுத்து வேலை பார்த்தார். கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளை இல்லாமல், கும்பிடாத சாமி இல்லை என்று ஆன பிறகு, அக்கா அப்போது ஆறு மாதம். தண்ணீர்க் குடத்தைக்கூட மாமா அவளைத் தூக்க விடுவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

அவிநாசி, அன்னூர் வழியாக பஸ். பாதி வழியிலேயே கூட்டாளியின் தலை என் தோளில் சாய்ந்தது. தொட்டுப் பார்த்தேன், சுட்டது. "தூக்கம்தாண்டா" என்றான். நானும் நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமா மண்டியிலிருந்து வந்திருக்கவில்லை. அக்கா கதவைத் திறந்தவுடன் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"ஏன் கண்ணு இப்படி இருமற? காய்ச்சல் கீய்ச்சல் ஏதாவது அடிக்குதா?"

"இல்லீங்க்கா. பஞ்சு இருமல்தான். மெசின் ரிப்பேரு, கம்பெனி லீவு. அதான் வந்தோம்."

கூட்டாளியும் ஆமாங்க்கா என்று தலையாட்டினான். வேலிக்கு ஓணான் சாட்சி. உண்மையைச் சொல்லியிருந்தால் அக்கா எங்களைத் துரத்தியிருக்க மாட்டாள். ஆனால் மாமா வந்ததும் மரியாதையாகச் சத்திரத்துக்கு அழைத்துப்போய் விட்டிருப்பார், மறுநாள் திருப்பூர் பஸ்ஸிலும் ஏற்றியிருப்பார். டூர் கெட்டுப்போயிருக்கும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதையாவது கண்டுபிடிக்க முடியுமா என்று இத்தனை வருஷமாகத் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை.

அக்கா டப்பாவைத் திறந்து கருப்பட்டி எடுத்து வந்தாள். என் பக்கத்திலேயே உட்கார்ந்து, நெஞ்சை நீவிவிட்டுக்கொண்டே, நான் அதைத் தின்று முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே சொம்பில்தான் எல்லாரும் தண்ணீர் குடித்தோம். ஒரே அறைதான், எல்லாரும் அங்கேயே படுத்தோம். காலையில் எங்களுக்கு முன்னால் எழுந்து கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

ஊட்டி நன்றாக இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். கூட்டாளி லாட்ஜ் அறையில் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தான். அவன் தலைமாட்டில் தண்ணீரை வைத்துவிட்டு நான் ஏரியைச் சுற்றப் போனேன். வாயைத் திறந்தால் புகை வந்தது, அதைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன். பஞ்சு இல்லாத காற்றை அன்றைக்குத்தான் முதன்முதலாக மூச்சில் இழுத்தேன். அந்த மூன்று நாளைப்போல என் வாழ்க்கையில் நான் வேறெப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. இப்போது நினைத்தால் அதுதான் அருவருப்பாக இருக்கிறது. அக்காவுக்கென்று நீலகிரித் தைலம் ஒரு பாட்டில் வாங்கினேன்.

ஐந்தாம் நாள் இறங்கி வந்தோம். கூட்டாளியை பஸ் ஸ்டாண்டில் உட்காரவைத்துவிட்டு, அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தைல பாட்டிலோடு நடந்தேன். தெரு முனையிலிருந்தே தெரிந்தது. அக்கா வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது.

கிட்டே போனேன், படிக்கு முன்னால் என் கால் தானாக நின்றுவிட்டது. என் இருமல் சத்தம் கேட்டு மாமா வெளியே வந்தார். படியிறங்கவில்லை. நான்கு நாள் தாடி, கண் சிவந்திருந்தது.

"அக்காளுக்கு அம்மைங்களா மாமா?"

"இல்லீங்க மாப்ளே. காய்ச்சல். உங்க கம்பெனி எதுக்குப் பூட்டியிருக்குதுன்னு மண்டிக்கு வந்த திருப்பூர்க்காரர் ஒருத்தர் சொன்னாருங்க."

உள்ளே அக்கா இருமுவது கேட்டது. தெரிந்த இருமல். என் நெஞ்சிலிருந்து போன இருமல்.

"ஒரு தரம் பாத்துட்டுப் போயர்றனுங்க மாமா."

அவர் கையை நிலையில் வைத்து வாசலை மறித்தார். குரல் உயரவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் கோபத்திலும் 'ங்க' போடுவதை விட மாட்டார்கள். "வேப்பிலை கட்டுன ஊட்டுக்குள்ள நீங்க வர மாட்டீங்கன்னு தெரியுமுங்க. இது ஆத்தாளுக்குக் கட்டலீங்க மாப்ளே. உங்களுக்குக் கட்டுனது."

தைல பாட்டிலைப் படிக்குக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் அதை எடுத்தாரா என்று எனக்குத் தெரியாது.

அந்த வாரமே அக்காவுக்குக் குறைப் பிரசவம். பையன். ஒரு நாள்கூட இருக்கவில்லை. அக்கா எழுந்து நடக்க இரண்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை உண்டாகவே இல்லை.

என்னால்தான் என்று யாரும் நிரூபிக்க முடியாது. மண்டிக்கு நாலு ஊர் ஆட்கள் வருகிறார்கள், மாமாவே கொண்டுவந்திருக்கலாம். மலை ரயிலுக்கு வந்த கூட்டத்திலிருந்தும் வந்திருக்கலாம். இந்த 'லாம்' என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு பல வருஷம் ஓட்டினேன். ஆனால் நான் கிளம்பிப் போனது மருந்துக்கும் இல்லை, பிழைப்புக்கும் இல்லை, சாவு வீட்டுக்கும் இல்லை. வாயில் புகை வருவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி தலைமாட்டில் போய்ப் படுத்து இருமினேன்.

மாமா அவளிடம் சொல்லவில்லை. கம்பெனி ஏன் பூட்டிக் கிடந்தது என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது. ஆறு மாதம் கழித்து அவளாகவே ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். போனேன். மெலிந்து போயிருந்தாள். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாள்: "ஆத்தாளுக்கு மனசில்ல கண்ணு." பிறகு நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், இருமல் வந்தது. அது உண்மையாகவே பஞ்சு இருமல்தான்.

அவள் முகம் மாறிவிட்டது. "அந்தப் பஞ்சு வேலைய விட்டுரு சாமி. உன்ர நெஞ்சைக் கெடுத்துக்காத. எனக்குன்னு இனி இருக்கறது நீ ஒருத்தன்தான்" என்று சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறந்து கருப்பட்டி எடுத்து வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சை நீவினாள். மாமா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் தின்று முடிக்கிறவரை அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள், நானும் முழுசாகத் தின்று முடித்தேன்.