ஆம்பளை கை வைத்த பிரேக்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, குடிமங்கலம் தாண்டி, என் ஜீப்பின் முன்சக்கரம் இரண்டிலிருந்தும் புகை வந்தது.

வண்டிக்குள் அப்பா, அம்மா. அம்மாவின் மடியில் சீர்த்தட்டு. கொமரலிங்கத்தில் மாமா புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். கூடப் பிறந்த தங்கை இல்லாமல் பால் காய்ச்ச முடியுமா? அம்மா விடியற்காலையிலிருந்தே பட்டுச்சேலையில் தயார்.

பல்லடம் வரை வண்டி ஒழுங்காகத்தான் வந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க மறுத்தது. பிரேக் பெடல் கல் மாதிரி ஆனது. கருகல் நாற்றம். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால்... நான் பிரேக்கை மிதிக்கவில்லை. ஆனால் பிரேக் பிடித்தது பிடித்தபடி இருக்கிறது. விடவே மாட்டேன் என்கிறது.

ரோட்டோரம் வண்டி நின்றால் நம் ஊரில் எவ்வளவு சீக்கிரம் கூட்டம் சேரும் என்று உங்களுக்குத் தெரியும். டிராக்டரை நிறுத்திவிட்டு வந்த ஒருவர் என்னைத் தாண்டி நேராக அப்பாவிடம் போனார்.

"ஏனுங்க, பிரேக்குல யாரு கை வெச்சது?"

அப்பா என்னைப் பார்த்தார். டிராக்டர்காரரும் என்னைப் பார்த்தார்.

"அட சாமி... பொட்டப்புள்ளயா!"

அவ்வளவுதான். விசாரணை, சாட்சி, தீர்ப்பு — எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் முடிந்துவிட்டது.

பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்திக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். அப்பா பனியனுக்கு இஸ்திரி போடும் அயர்ன் மாஸ்டர். அம்மா வீட்டிலேயே பவர் டேபிள் மெஷின் போட்டுத் தைக்கிறவர். என் சேமிப்பில் நான் வாங்கிய முதல் பெரிய பொருள் ஒரு பழைய டீசல் ஜீப். நான் பிறப்பதற்கு முன்னாலேயே ரோட்டுக்கு வந்த வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். சேறு, மணல், மலைப்பாதை எதற்கும் முகம் சுளிக்காது. ஆனால் மழையில் நனைந்தால் பிரேக் மட்டும் பிடிக்காது.

ஒருமுறை மழையில் பெருமாநல்லூர் நால்ரோட்டில் பிரேக்கை அழுத்தி மிதித்தும் வண்டி பாட்டுக்கு லாரியை நோக்கிப் போனது. அன்றைக்கு முடிவெடுத்தேன். முன்சக்கரத்தில் இருக்கும் பழைய டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டுவது. வீட்டிலேயே. என் கையாலேயே.

பழைய சர்வீஸ் மேனுவலை டவுன்லோட் செய்து, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்துகொண்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எத்தனையோ பாடப் புத்தகம் படித்திருக்கிறேன். ஆனால் படிப்பு என்றால் இதுதான் என்று தோன்றியது அந்த மேனுவலைப் படித்தபோதுதான். ஒரு பக்கம் படிப்பேன்... ஒரு போல்ட்டைக் கழற்றுவேன். தப்பென்றால் வண்டியே சொல்லிவிடும்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை. வாசலில் தகர ஷீட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஹப், பேரிங், டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் எல்லாம் மாட்டினேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு சாமான் — மாஸ்டர் சிலிண்டர். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குத் தள்ளுவது அதுதான். டிஸ்க்குக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பழைய சிலிண்டர் வாங்கி வைத்திருந்தேன். பிரித்து, சுத்தம் செய்து, புது ரப்பர் போட வேண்டும்.

அங்கேதான் அப்பா குறுக்கே வந்தார்.

"பிரேக்குன்னா உசுரு விசயம் கண்ணு. அதையாவது ஒரு ஆம்பளை கை வெக்கட்டும். ரங்கசாமிகிட்டக் குடு."

ரங்கசாமி அண்ணன் எங்கள் ஏரியா மெக்கானிக். எனக்குக் கோபம்தான். ஆனாலும் கொடுத்தேன். அப்பா முதல்முறையாக என் வண்டி விஷயத்தில் ஒன்று கேட்டிருக்கிறார் — மறுக்க மனம் வரவில்லை. சும்மாவும் போகவில்லை. எங்கள் திருப்பூரில் மெக்கானிக் ஷாப்புக்குப் போகிறவர்கள் கையில் ஒரு மூட்டை வேஸ்ட் துணியோடு போவது வழக்கம். கட்டிங்கில் மிஞ்சும் பனியன் துண்டுகள். கை துடைக்க, சாமான் துடைக்க. நானும் கட்டிங் செக்‌ஷனில் சொல்லி, இருப்பதிலேயே மெத்தென்று இருந்ததாகப் பார்த்து ஒரு மூட்டை கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் புது ரப்பர் போட்டு மூடித் தந்த சிலிண்டரை நானே வண்டியில் மாட்டினேன்.

சரி, குடிமங்கலத்துக்கு வருவோம்.

நான் கூட்டத்தைக் கண்டுகொள்ளவில்லை. ஸ்பானரை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து ப்ளீடரைத் திறந்தேன். பிரேக் ஆயிலில் காற்று புகுந்தால் வெளியேற்றுவதற்காக உள்ள சின்னத் திருகு அது. ஆயில் சர்ரென்று பீய்ச்சியது. மறு நொடி பிரேக் விட்டுவிட்டது.

இதற்கு என்ன அர்த்தம்? நான் மாட்டிய டிஸ்க்கும் காலிப்பரும் சிக்கவில்லை. அவை நன்றாக இருக்கின்றன. திரும்பிப் போக வேண்டிய ஆயில் வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. கோளாறு மேலே எங்கேயோ.

"அப்பா, இதப் பாருங்க..." என்றேன்.

அப்பா பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா போய்ச் சேர்ந்தபோது பால் காய்ச்சி முடித்து, பந்தியே இரண்டாவது ஓடிக்கொண்டிருந்ததாம். என் வண்டி இன்னொரு வண்டியின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டு ஊர் திரும்பியது.

திங்கட்கிழமை சாயங்காலம் ரங்கசாமி அண்ணன் வீட்டுக்கு வந்தார். பானெட்டைத் திறக்கவில்லை. குனியவில்லை. டயரை ஒரு உதை உதைத்தார். அவ்வளவுதான் அவருடைய இன்ஸ்பெக்‌ஷன்.

"நான் அப்பவே நெனச்சனுங்க," என்றார் அப்பாவிடம். "கம்பெனிக்காரன் டிரம்மு போட்டுக் குடுத்தா அதுல ஏதோ காரணம் இருக்குமுங்க. டிஸ்க்கத் தூக்கிப் போட்டுட்டு பழசையே மாட்டிக்கலாமுங்க."

"அண்ணா, ப்ளீடரைத் திறந்ததும் வீல் ஃப்ரீ ஆயிடுச்சுங்கண்ணா. அப்படின்னா மாஸ்டர் சிலிண்டர்ல ரிட்டர்ன் அடைச்சிருக்கணும். மேனுவல்ல..."

அவர் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். சிரித்தார்.

"அம்மிணி, புக்குல இருக்கறதெல்லாம் வண்டிக்குத் தெரியாதுங்க."

வண்டிக்குத் தெரியாதாம்! அந்த வண்டியைச் செய்தவன் எழுதிய புக் அது. வண்டிக்குத் தெரியாதென்றால் வேறு யாருக்குத் தெரியும்?

அப்பா அதற்கும் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ரங்கசாமி அண்ணன் போனதும் அப்பா மெதுவாகச் சொன்னார்:

"பூண்டியில சிலைப் பட்டறை வெச்சிருக்கறவரு ஒருத்தரு ஜீப்பு தேடறாராம். கல்லு ஏத்தறதுக்கு. புதன்கிழமை சாயங்காலம் வந்து பாக்கறேன்னாரு. குடுத்தரலாம் கண்ணு. உங்கம்மா நேத்துப் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும்."

என் வண்டி. என் பேரில் ஆர்.சி. ஆனால் விற்பது என்ற முடிவு, நான் டீ குடித்து முடிப்பதற்குள் எடுக்கப்பட்டுவிட்டது. நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம் பிடிக்கலாம்தான். ஆனால் அப்பாவும் அம்மாவும் ஏறப் பயப்படுகிற வண்டியை வைத்துக்கொண்டு நான் மட்டும் எங்கே போவது?

என் கையில் இருந்தது செவ்வாய்க்கிழமை ஒன்று. லீவு போட்டேன்.

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி மேஜைமேல் வைத்துப் பிரித்தேன். பெடலை விட்டதும் ஆயில் திரும்பிப் போவதற்கு அதற்குள்ளே ஒரு துளை உண்டு. ஊசி நுழைகிற அளவுதான். செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் மறுபக்கம் வரவில்லை.

கம்பி விட்டுக் குத்தக்கூடாது, கீறல் விழும் என்கிறது மேனுவல். குவாலிட்டி ஆட்களின் பையில் எப்போதும் டேக் பின் கிடக்கும் — சட்டையில் விலை அட்டை தொங்கவிடும் நைலான் நரம்பு. அதில் ஒன்றை எடுத்து மெல்ல நுழைத்தேன். என்னவோ நகர்ந்தது. ஆயிலில் ஊறிய ஒரு சின்னப் பஞ்சு உருண்டை வெளியே வந்தது.

ரோஸ் கலர்.

அந்த ரோஸை எனக்குத் தெரியும். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையருக்கு மூன்று முறை சாம்பிள் அனுப்பி அப்ரூவல் வாங்கிய ஷேடு. எங்கள் கம்பெனியின் குளிர்கால ஆர்டர். ஃப்ளீஸ் துணி — உள்பக்கம் பிரஷ் செய்து பஞ்சு எழுப்பியது. கையால் தடவினாலே பூ மாதிரி உதிரும். மெத்தென்று இருந்ததாகப் பார்த்து நான் மூட்டை கட்டிக் கொடுத்தேனே... அதே துணி.

ஒரு ஆம்பளை கை வைக்கட்டும் என்று அனுப்பிய சாமானை, அந்த ஆம்பளை பஞ்சு உதிர்கிற துணியால் உள்ளே நன்றாகத் துடைத்து, பார்க்காமல் மூடி அனுப்பியிருக்கிறார். ஆறு ஞாயிறு நான் செய்த வேலையில் ஒன்றும் கெடவில்லை. நான் செய்யாத அந்த ஒரு வேலைதான் கெட்டிருக்கிறது.

புது ரப்பர் கிட் வாங்கப் போனால் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், "ஊட்ல பெரியவங்க யாராச்சும் இருந்தா போன் போட்டுக் குடு கண்ணு, சைஸு கேட்டுக்கறேன்" என்கிறார். சைஸைச் சொன்னேன், பார்ட் நம்பரோடு. பிரேக் ஆயிலிலேயே சிலிண்டரைக் கழுவி, துணியே படாமல் பூட்டினேன்.

லைனிலிருந்து காற்றை எடுக்கப் பெடல் மிதிக்க ஒரு ஆள் வேண்டும். அம்மா ஏறி உட்கார்ந்தார்.

"மிதிங்கம்மா... புடிச்சுக்கங்க... இப்ப விடுங்க."

"இத்தன மிதிக்கு ஒரு டஜன் பீஸு ஓவர்லாக் முடிச்சிருப்பேன் கண்ணு."

"பயமா இல்லீங்களாம்மா?"

"நிக்கற வண்டியில என்ன பயம்? மிதிக்கட்டுமா, வேண்டாமா?"

புதன்கிழமை காலை, அந்தப் பஞ்சை ஒரு வெள்ளை அட்டையில் செல்லோடேப் போட்டு ஒட்டி, ரங்கசாமி அண்ணனின் ஷாப்புக்குக் கொண்டுபோனேன். தேதி போட்டு, இடம் எழுதி. டிஃபெக்ட் ரிப்போர்ட் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாதா? அவர் ரோஸ் துணியில்தான் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

அட்டையைப் பார்த்தார். கையில் இருந்த துணியைப் பார்த்தார். எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் — மாட்டிக்கொண்டார்!

"துணி உங்குளுதுதானுங்களே, அம்மிணி?"

அதில் கால்வாசி நியாயம் இருந்ததுதான் கொடுமை. லிண்ட் இருக்கிறது, பஞ்சு உதிர்கிறது என்று எத்தனை லாட் திருப்பி அனுப்பியிருக்கிறேன் நான்? பிரேக் சாமான் துடைக்கப் போகும் துணியில் அதைப் பார்க்கத் தோன்றவில்லை. திருப்பூர்க்காரிக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி. ஆனால் மிச்ச முக்கால்வாசி? மூடுவதற்கு முன்னால் துளையைப் பார்க்க வேண்டியது யார்? டயரை உதைத்துவிட்டுப் பழியை என் டிஸ்க் மேல் போட்டது யார்? கேட்டேன். "வேலை கெடக்குதுங்க" என்று ஒரு லாரிக்கு அடியில் போய்விட்டார்.

மத்தியானம் அப்பாவை உட்கார வைத்துக் குன்னத்தூர் ரோட்டில் போய் வந்தேன். வேண்டுமென்றே நூறு அடிக்கு ஒரு பிரேக். வீட்டு வாசலில் நிறுத்தியதும் அப்பா இறங்கி, முன்சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்தார். அயர்ன் மாஸ்டரின் கை அது. சூடு எவ்வளவு என்று அந்தக் கைக்குத் தெரியும். அந்தப் பக்கம் போய் அதையும் தொட்டார். ஜாக்கி வைத்துத் தூக்கச் சொன்னார். என்னைப் பெடலை மிதித்து விடச் சொல்லி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். சுற்றியது. மறுபடி மிதிக்கச் சொன்னார். மறுபடி சுற்றியது.

சாயங்காலம் பூண்டிக்காரர் போன் செய்தார். கிளம்பி வரட்டுமா என்று கேட்டார் போல. நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க... வண்டி குடுக்கறாப்ல இல்லீங்க. வேண்டாமுங்க, வராதீங்க. இப்ப நல்லா இருக்குதுங்க." கொஞ்சம் நிறுத்தி, அப்பா சொன்னார்: "மெக்கானிக்கு வந்து சரி பண்ணிக் குடுத்துட்டாருங்க."

மெக்கானிக்!

"ஏப்பா அப்படிச் சொன்னீங்க?"

"பொட்டப்புள்ள பண்ணுச்சுன்னா அந்தாளு நம்புவாரா கண்ணு? வண்டியில இன்னும் ஏதோ இருக்குதுன்னுதான் நெனைப்பாரு."

"நாமதான் விக்கவே போறதில்லையே. அவரு என்ன நெனச்சா நமக்கென்னங்கப்பா?"

அப்பா போனைச் சட்டைப் பையில் போட்டார். "சரி உடு... ஞாயித்துக்கிழமை உங்கம்மாவக் கொமரலிங்கம் கூட்டிட்டுப் போய்ட்டு வந்தர்லாம். மாமன் கோவிச்சுட்டு இருப்பாரு," என்றார்.

ஆக, வண்டி தப்பித்தது. அப்பா ஏறப்போகிறார். அம்மா ஏறப்போகிறார். பேர் மட்டும் ரங்கசாமி அண்ணனுக்குப் போய்விட்டது. அப்படி விட்டுவிட முடியுமா?

சரி பண்ணியது நான். இதோ, அச்சில் இருக்கிறது. அப்பாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்பது ஒரு சின்னச் சிக்கல்... பரவாயில்லை. பேப்பர் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து நானே வாசித்துக் காட்டப்போகிறேன் — தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி!