கிறேஸக்காவின் பெட்டிப் பாட்டு

தையல் மெசினை மூடிவிட்டு, மேசை விசிறியைக் கணினியின் பக்கம் திருப்புவார் கிறேஸ். பெட்டிக்குள் காற்றுப் போகவேண்டுமென்று அதன் பக்கத் தகட்டைக் கழற்றியே வைத்திருக்கிறார். கணவர் வின்சன் வியர்த்து வழிந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

"இஞ்சாருங்கோ, அதுக்குச் சூடு பிடிச்சா நிண்டிடும். நீங்கள் நிக்கமாட்டியள்தானே?"

முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்தவர்கள். கோயில் பாடகர் குழுவின் ஆர்மோனியம் அங்கேயே தங்கிவிட்டது. அதன் இடத்துக்கு, தையற்கூலிக்குப் பதிலாக, ஒரு கணினி வகுப்புக்காரர் கழித்துவிட்ட பழைய கணினியை வாங்கிக்கொண்டார் கிறேஸ். ஒலிபெருக்கி, பழைய றேடியோவிலிருந்து கழற்றி பிஸ்கற் தகரத்துக்குள் பொருத்தியது.

இசையும் அவருக்குத் தையல்தான். திரையிலுள்ள கட்டங்களில் ஒவ்வொரு சுரமாக மவுஸால் குத்துவார். நீண்டதை வெட்டுவார். "இந்த இடம் தொங்குது, கொஞ்சம் உள்ளுக்குப் பிடிக்கவேணும்" என்பார். அவருடைய பெட்டி வயலின், காதடியில் பறக்கும் நுளம்பு மாதிரி இரையும். அடுத்த வீட்டிலிருக்கும் நான் சிரித்தால், "தூரத்தில நிண்டு கேளுங்கோ, வடிவா இருக்கும்." வேலிவரை போய்க் கேட்டேன். உண்மைதான். இன்னும் தூரம் போனால் இன்னும் வடிவாக இருக்கும்.

அந்தோனியார் திருநாளில் முதற்பாட்டை யாகப்பு தனியே பாடுவது வழக்கம். கரைவலை இழுத்த மனிதர். நினைத்த இடத்தில் நின்று மூச்செடுப்பார். ஆர்மோனியம் அவருக்காகக் காத்திருந்தது. கணினி காத்திருக்கவில்லை. ஒத்திகையில் அவர் மூன்றாம் அடியில் நிற்க, பெட்டி பாட்டையே முடித்துவிட்டது.

"இதுக்கென்ன பிள்ளை அவசரம்? பஸ் பிடிக்கப் போகுதே?" என்றார் யாகப்பு. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நான் இந்த முறை பாடேல்லை. பெடியளைப் பாட விடுங்கோ" என்று துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கிறேஸுக்குச் சோறு இறங்கவில்லை. "கரையில இருந்து எங்களோட வந்தது அவற்ற குரல் ஒண்டுதான். அதையும் இந்தப் பெட்டி கலைச்சுப்போட்டுதே" என்று வின்சனிடம் அழுதார். மறுநாள் யாகப்புவின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"நீங்கள் பாடத்தான் வேணும் அண்ணை. அதை நான் காத்திருக்கப் பழக்கிறன்."

அவரை ஒருமுறை பாடவைத்துக் கேட்டு, அவர் மூச்செடுக்கும் இடங்களிலெல்லாம் பாட்டைப் பிரித்து இடைவெளி விட்டார். ஆனால் யாகப்புவும் சும்மா இருக்கவில்லை. பெட்டியிடம் தோற்கக்கூடாதென்று கிணற்றடியில் வாளியைத் தட்டித் தாளம் போட்டு, நிறுத்தாமல் பாடிப் பழகியிருக்கிறார். கிறேஸுக்கு அது தெரியாது. திருநாளுக்கு முதல்நாள் கரண்ட் போனதால் இருவரும் சேர்ந்து பாடிப் பார்க்கவும் முடியவில்லை.

திருநாளன்று கோயில் நிறைந்த சனம். யாகப்பு முதலடியை ஒரே மூச்சில் முடித்து அடுத்த அடிக்குத் தாவினார். பெட்டியோ அவர் மூச்செடுக்கட்டுமென்று மரியாதையாக நின்றது. கிறேஸ் அவசரமாக மவுஸைத் தேடினார்.

யாகப்பு பாட்டை நிறுத்தி, பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, பின்னால் களைத்து வருகிறவனைக் கூப்பிடுவதுபோல, "வா, வா" என்று கையை அசைத்தார்.