நாங்கள் போகாத நுவரெலியா

சண்டைக் காலத்தில் கொழும்பின் வெள்ளவத்தைக்கு வந்து குடியேறிய தமிழர்களில் முக்கால்வாசிப் பேர், அங்கிருந்து வேறெங்காவது போவதற்காகவே வந்தவர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். கலியாணம் முடித்த இரண்டாம் கிழமையே சுவிஸுக்குத் திரும்பிப் போய்விட்ட கணவரிடம் போய்ச் சேர்வதற்காக, அம்மாவோடு ஒரு வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்து ஒன்றரை வருடமாக விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். சும்மா ஊர் பார்க்கவென்று எங்கள் ஒழுங்கைக்கு வந்த ஒரே ஒரு மனிதனைத்தான் அந்தக் காலத்தில் கண்டேன். அவனையும் நாங்கள் நம்பவில்லை.

அவன் நாற்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரன். தனி ஆள். முதுகில் ஒரு பெரிய பை. தெற்கே கடற்கரையோரம் அவன் பதிந்து வைத்திருந்த விடுதி ஆட்கள் வராமல் பூட்டிக் கிடந்ததாம். ஓட்டோக்காரன் அவனைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து கடைசியில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். மேல்மாடி அறை காலியாக இருந்ததால் வீட்டுக்கார அன்ரி சந்தோசமாக அதைக் கொடுத்தார். ஒரு கிழமை இருப்பானாம்.

அன்ரி கொட்டாஞ்சேனையில் பிறந்து வெள்ளவத்தையில் வாழ்க்கைப்பட்டவர். மூன்று பிள்ளைகளை மூன்று நாடுகளுக்கு அனுப்பிய அனுபவத்தில் தூதரக விவகாரமெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. விசா விசயத்தில் அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் ஒழுங்கையில் அதற்கு மறுபேச்சுக் கிடையாது. வீட்டில் தங்க வருகிற எவரையும் பொலிசில் பதியவேண்டிய காலம் அது. வந்தவனைப் பதிவதற்குப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்த அன்ரி, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைக் குசினிக்குள் இழுத்தார்.

"பிள்ளை, உவன் சுவிஸ்காரன். பொலிசில உவனுக்குக் கதிரை போட்டவங்கள். எனக்கு இந்த முப்பது வருசத்தில இருக்கச் சொல்லி ஒரு வாங்குகூடக் காட்டினதில்லை. உவன் எம்பசி ஆள். உன்ர கலியாணம் உண்மையோ, பேப்பர்க் கலியாணமோ எண்டு பாக்க வந்திருக்கிறான்."

தூதரகத்தில் எனக்கு விசா நேர்முகம் அடுத்த கிழமை.

யுத்தம் என்றபடியால் ரிக்கெற் மலிவாகக் கிடைத்தது, அதனால் வந்தேன் என்று அவனே சொன்னான். குண்டு வெடிக்கிற இடத்துக்கு மலிவு பார்த்து எவனாவது வருவானா என்று நாங்கள் மூவரும் சிரித்தோம். அவன் செய்த ஒவ்வொன்றும் அன்ரியின் கட்சிக்கே பலம் சேர்த்தது. என் தாலியைக் கண்டதும் கணவர் எங்கே என்று கேட்டான். பின்னேரங்களில் ஒழுங்கை முடிவில் தண்டவாளத்தருகே போய் நின்று, போகிற வருகிற ரயில்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை வெட்டியில்லாத மனிதன்கூட அப்படி நிற்க மாட்டான். ஒரு நாள் தண்டவாளத்துக்கு அப்பால் கடற்பாறைகளுக்கு நடுவே குளிக்க இறங்கியவனைக் காவலுக்கு நின்ற ஆமிக்காரன் விசிலடித்துக் கரையேற்றினான். தோல் வெந்து நண்டு நிறத்தில் வந்தவனுக்கு அம்மா தயிர் பூசிவிட்டார். மறுநாள் நண்டுக் கறியே வைத்துக் கொடுத்தார். எனக்கு நண்டுக் காலில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சாப்பாடு முடிந்ததும் அம்மா கலியாண அல்பத்தைக் கொண்டுவந்து அவன் மடியில் வைப்பார். அது தினமும் நடந்தது. பாவம், அவனும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவைபோல ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கலியாணம் முடிந்ததும் நீங்கள் இருவரும் எங்கே போனீர்கள் என்று கேட்டான். அவனுடைய நாட்டில் எங்காவது போவார்களாம்.

உண்மையைச் சொன்னால், நாங்கள் ஓரிடமும் போகவில்லை. கலியாணம் வெள்ளவத்தையிலேயே நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வந்த சொந்தக்காரர் வீடு நிறையப் படுத்துக் கிடந்தார்கள். வெளியே இறங்கினால் சந்திக்குச் சந்தி சோதனை. ஒரேயொரு பின்னேரம் ஒழுங்கை முடிவில் கடற்கரைக்குப் போய்க் கடலை வாங்கிப் பாறையில் இருந்து தின்றோம். அங்கும் ஒரு பொலிஸ்காரன் வந்து அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, இது யார் என்று சிங்களத்தில் கேட்டான். "மகே நோனா" என்றார் அவர். என்னைத் தன் மனைவி என்று அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் பொலிசுக்கு. என் இல்லற வாழ்க்கையின் மொத்தக் கையிருப்பு அவ்வளவுதான். இதைச் சொன்னால் எந்த எம்பசிக்காரன் நம்புவான்?

சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. அதில் மலைநாட்டின் குளிர் ஊரான நுவரெலியாவின் குளம். நான் நுவரெலியா என்றேன்.

வாய் திறந்தபின் அது தன்பாட்டில் ஓடியது. வள்ளத்தில் போனோம் என்றேன். அவர் எழும்பி நின்று படம் எடுக்கப் போய்த் தண்ணீருக்குள் விழுந்தார், புதுச் சிவப்புச் சுவெற்றர் தொப்பமாக நனைந்து தடிமன் பிடித்தது, நான் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன் என்றேன். ஆங்கிலம் விளங்காத அம்மா எல்லாவற்றுக்கும் புன்னகையோடு தலையாட்டினார். வெள்ளைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். அதற்குப் பிறகு தினமும் நுவரெலியாவைப் பற்றியே கேட்டான். நானும் குளிர், பனி, ரோசாப்பூ என்று என்னால் முடிந்ததைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்ரி என்னைத் தட்டிக்கொடுத்துப் பாராட்டினார். பிறகு தேத்தண்ணீரை வாயில் வைத்தபடி கேட்டார்: "அது சரி, அங்க சுவிஸில உன்ர மனிசனையும் கூப்பிட்டு இதையே கேப்பாங்கள். அவர் என்ன சொல்லுவார்?"

கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, பெரிய ரோட்டான காலி வீதியில் வெளிநாட்டுக்கு அழைப்பெடுக்கிற கொமியூனிகேசன் கடைக்கு ஓடினேன். அங்கே தொலைபேசிக் கூண்டுக் கதவு ஒழுங்காகச் சாத்தாது. உள்ளே கதைப்பதை வெளியே காத்திருப்பவர்கள் அனைவரும் கேட்டு ரசிப்பார்கள். என் கணவரோ தொலைபேசியில் சுகமோ, அம்மா சுகமோ, அங்கே மழையோ என்ற மூன்று கேள்விகளோடு முடித்துக்கொள்ளும் ஆள்.

"இஞ்சேருங்கோ, நாங்கள் கலியாணத்துக்குப் பிறகு நுவரெலியாவுக்குப் போனனாங்கள்."

"நானும் வந்தனானோ?" என்றார்.

"வந்தனீங்கள். வள்ளத்தால குளத்துக்க விழுந்தனீங்கள்."

"எனக்கு நீந்தத் தெரியாதே."

"அதுதான் நான் பிடிச்சு இழுத்தனான்."

கூண்டுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். நான் எரிந்து விழுகிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, எம்பசிக்காரன் கதையைச் சொல்லி முடித்தேன். தன்னை நாளை மறுநாள் அங்கே விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார் அவர். பிறகு, நான் எதிர்பாராத விதமாக, அவரே கேட்கத் தொடங்கினார். தான் என்ன உடுப்புப் போட்டிருந்தார், நான் என்ன சேலை கட்டியிருந்தேன், விழுந்தபோது நான் அழுதேனா, சிரித்தேனா என்று. சிவப்புச் சுவெற்றர் என்றதும், தன்னிடம் சிவப்பில் ஒன்றும் இல்லையே என்று கவலைப்பட்டார். நான் சிரித்தேன் என்றேன். "எனக்குத் தெரியும், நீர் சிரிச்சிருப்பீர்" என்றார். கடைக்காரர் கண்ணாடியில் தட்டும்வரை கதைத்தோம். கலியாணம் முடித்து ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, அன்றுதான் எனக்கு அந்த மனிதனைப் பிடித்துப்போனது.

இரண்டு நாள் கழித்து வெள்ளைக்காரன் புறப்படுகிற மத்தியானம், பையை மாட்டிக்கொண்டு படியிறங்கியவனை அம்மா மறித்தார். இனிப் பொறுக்க முடியாது, பிள்ளைக்கு விசா எப்போது கிடைக்கும் என்று கேட்டுச் சொல்லு என்றார். கேட்டேன். அவன் திருதிருவென்று முழித்தான். தான் சூரிச்சில் ட்ராம் ஓட்டுகிறவன் என்றும், ரயில் என்றால் தனக்கு உயிர், கடலோரம் ரயில் ஓடுகிற ஊர் என்பதாலேயே இந்தத் தீவுக்கு வந்ததாகவும் சொன்னான். இங்கே எல்லா வீட்டிலும் விருந்தாளிக்குத் தினமும் கலியாணப் படம் காட்டுவது வழக்கமாக்கும் என்று நினைத்திருந்தானாம். நான் தமிழில் சொன்னேன். அன்ரி உள்ளே போய்விட்டார். அம்மாவுக்குச் சொல்ல ஒன்றுதான் இருந்தது.

"அப்ப அந்த நண்டு?"

அவனோ என் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னான். நான் சொன்னதைக் கேட்டு ஆசை வந்து, மிச்ச நாட்களை நுவரெலியாவில் கழிக்கப் போகிறானாம். அவனுக்கு ஒரு சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏறுகிற வேலை இருக்காது. நான் பிறந்த நாட்டில் நான் கண்ணால் காணாத ஊருக்கு, நான் சொன்ன பொய்யை நம்பி ஒரு ட்ராம்காரன் ரயிலேறப் போனான். எனக்கு ஆத்திரமாகவும் பொறாமையாகவும் இருந்தது.

பொய்யைத் திருப்பி எடுக்கக் கொமியூனிகேசனுக்கு மறுபடியும் ஓடினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் விசாரணைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த நாட்களில் லைனே கிடைக்கவில்லை.

அதனால் அடுத்த கிழமை தூதரகத்தில் போய் உட்கார்ந்தபோது, என் கணவர் அங்கே என்ன சொல்லிவைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான் ஒன்றும் அவர் ஒன்றுமாகச் சொன்னால் கதை கந்தல். விசாரித்தது நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழர். பெற்றோர், படிப்பு, கலியாண மண்டபம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, அதற்குப் பிறகு எங்கே போனீர்கள் என்றார்.

ஒரு நிமிசம் நுவரெலியா நாக்கு நுனிவரை வந்தது. பிறகு களைத்துப்போய் உண்மையைச் சொன்னேன். கடலை, பாறை, பொலிஸ்காரன், மகே நோனா. அதோடு நிற்காமல் ட்ராம்காரன், அல்பம், கலண்டர், சிவப்புச் சுவெற்றர் எல்லாவற்றையும் கொட்டினேன். மொழிபெயர்த்தவருக்கு மூச்சு வாங்கியது.

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னவோ சொன்னார். மொழிபெயர்த்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"உங்கள் கணவர் அங்கே சொன்னாராம்: 'நாங்கள் ஓரிடமும் போகவில்லை. ஆனால் நுவரெலியாவுக்குப் போனதாக மனைவி சொல்லுறா. அவ அங்க அப்படிச் சொன்னால், நான் குளத்தில விழுந்ததாகவே எழுதிக்கொள்ளுங்கோ.' இவ கேக்கிறா, அவருக்கு நீந்தத் தெரியுமோ?"

தெரியாது என்றேன். அதோடு நேர்முகம் முடிந்தது.

விசா வந்தது. நான் சூரிச்சில் போய் இறங்கியது நல்ல கோடையில். வெளியே கையில்லாச் சட்டையோடு நின்ற சனங்களுக்கு நடுவே, கழுத்துவரை மூடிய புதுச் சிவப்புக் கம்பளிச் சுவெற்றர் போட்டுக்கொண்டு, வேர்த்து வழிய ஒரு மனிதன் நின்றார். பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. அவர் என் பெட்டியை வாங்கிக்கொண்டு, சுவெற்றரை ஒருதரம் குனிந்து பார்த்தார்.

"இப்பதான் காய்ஞ்சது" என்றார்.