கல் என்று சொல்லி மறைத்த நீர்க்கட்டி

முதலில் மாறியது நேரம்தான். கழிப்பறையில் போய் நின்றால் சிறுநீர் உடனே வராது. மனதுக்குள் எண்ணிக்கொண்டே நிற்பேன். இருபது எண்ணுவதற்குள் வந்துகொண்டிருந்தது சில வாரங்களில் நாற்பதானது, பிறகு அறுபதானது. வந்தாலும் நூல் மாதிரி வரும், பாதியில் நிற்கும், மறுபடி முக்க வேண்டும். ஒரு நாள் வெளியே நின்றிருந்த சக ஊழியர் கதவைத் தட்டி, "ஏனுங்க பிரபு, உள்ளயே குடி போயிட்டீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தேன்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. ஒவ்வொரு பம்பும் எவ்வளவு தண்ணீரை எந்த வேகத்தில் தள்ளுகிறது என்று அளந்து எழுதுவதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் தன் உடம்பில் தண்ணீர் தள்ளாமல் நிற்பதை எட்டு மாதம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேலேயே எனக்கு இன்றும் கோபம் வருகிற விஷயம் இது.

இதைப் படிப்பவர்களில் யாராவது இப்போது அதே மாதிரி கதவுக்குள் நின்று எண்ணிக்கொண்டிருக்கலாம். அவருக்காகத்தான் எழுதுகிறேன். நான் கூச்சப்படாமல் எழுதுகிறேன், நீங்களும் கூச்சப்படாமல் படியுங்கள்.

முதலில் பார்த்த மருத்துவர் சிறுநீர்த் தொற்று என்றார். மாத்திரை கொடுத்தார். எரிச்சல் குறைந்தது, அடைப்பு குறையவில்லை. இரண்டாமவர் இன்னும் வலுவான மாத்திரைகளை ஒரு மாதத்துக்கு எழுதினார். புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் வாயை ஒட்டி, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி) பக்கம் யாருடைய கவனமும் போகவில்லை. அது வயதானவர்களுக்கு வரும் தொல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மூன்றாவதாக ஒரு சிறுநீரகவியல் மருத்துவரிடம் போனேன். அவர் அதிகம் பேசவில்லை. யூரோஃப்ளோமெட்ரி (சிறுநீர் போகும் வேகத்தை அளந்து வரைபடமாகக் காட்டும் சோதனை) எடுத்துவரச் சொன்னார். ஒரு சிறிய அறை, ஒரு புனல், கீழே ஒரு கருவி. நான் பம்புக்குச் செய்வதை இங்கே எனக்குச் செய்கிறார்கள். தாள் வெளியே வந்ததும் நர்ஸ் வாங்குவதற்கு முன்னால் நானே எடுத்துப் பார்த்தேன். கோடு மேலே ஏறவே இல்லை. தரையோடு தரையாக நீண்டு போயிருந்தது. இப்படி ஒரு பம்ப் என் மேஜைக்கு வந்தால் யோசிக்காமல் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அடுத்து ஸ்கேன். சிறுநீர் கழித்த பிறகும் பையில் கணிசமாக மிச்சம் நின்றது. புராஸ்டேட்டின் நடுவில், சிறுநீர்ப்பையின் வாயை ஒட்டி, ஒரு நீர்க்கட்டி (உள்ளே திரவம் நிறைந்த சிறு பை) நெல்லிக்காய் அளவுக்கு இருந்தது. நான் முக்கும்போதெல்லாம் அது போய் வாயை அடைத்துக்கொள்கிறது என்று மருத்துவர் படம் போட்டுக் காட்டினார். பிறவியிலேயே சிறியதாக இருந்து பிறகு வளர்ந்திருக்கலாம் என்றார்.

"கேன்சருங்களா டாக்டர்?"

"அப்படித் தெரியலைங்க. எடுக்கறதைப் பரிசோதனைக்கும் அனுப்பிருவோம். இந்த வயசுல இது அபூர்வம், ஆனா சரி பண்ணக்கூடியதுதான். குழாய் வழியாவே போய்க் கட்டியைத் திறந்து விட்டுடலாம். வெளியில வெட்டுக் காயம் இருக்காது."

அதுவரைக்கும் சிறுநீர்ப்பையின் வாயைத் தளர்த்த ஒரு மாத்திரை கொடுத்தார். இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். ஒரே சமயத்தில் நிறையத் தண்ணீர் குடிக்கக் கூடாது. வந்தால் அடக்கக் கூடாது.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா இறந்து ஐந்து வருடங்கள் ஆகின்றன. எங்கள் பக்கத்தில் பையன்களுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு பாடு என்பது ஊருக்கே தெரியும். மூன்று வருடம் அலைந்து, அப்போதுதான் அன்னூரில் நந்தினியைப் பார்த்து உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்திருந்தோம். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னதும் அம்மா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கல்லுன்னு சொல்லிப்போடு கண்ணு. கல்லு எல்லாத்துக்கும் வாரதுதான். அந்த எடத்துப் பேரச் சொன்னீன்னா பொண்ணு ஊட்டுல வேற மாதிரி நெனைப்பாங்க."

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அந்த உறவு கைநழுவிப் போய்விடும் என்று எனக்கும் பயம். நந்தினியை எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிருந்தது. அப்படித்தான் என் நீர்க்கட்டி ஊராருக்குச் சிறுநீரகக் கல் ஆனது.

கல் என்றால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு மருத்துவம் கையில் வைத்திருப்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்னூரில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது நந்தினியின் அப்பா தன் தோட்டத்து வாழையை வெட்டி, தண்டைச் சாறு பிழிந்து, பெரிய டம்ளரில் நிரப்பித் தயாராக வைத்திருந்தார்.

"குடிங்க மாப்பிள்ளை. எந்தக் கல்லா இருந்தாலும் கரைச்சுப்போடும்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. குடித்தேன். இரண்டாவது டம்ளர் அவருடைய மனைவி கொடுத்தார். மூன்றாவதை நந்தினியே கொண்டுவந்து நீட்டினாள். அவள் கொடுத்ததை எப்படித் திருப்பித் தருவது? அதோடு பார்லித் தண்ணீரும் வந்தது. ஒரு மணி நேரத்தில் வயிறு முட்டியது. புதிதாகப் பெண் எடுக்கப் போகும் வீட்டில், கூடம் நிறைய உறவினர்களை வைத்துக்கொண்டு, எழுந்து கழிப்பறை எங்கே என்று கேட்க வெட்கம். மருத்துவர் சொன்ன இரண்டையும் ஒரே மத்தியானத்தில் மீறினேன்.

கடைசியில் தாங்க முடியாமல் எழுந்து போனேன். போனால் ஒரு சொட்டு வரவில்லை. அறுபது எண்ணினேன், இருநூறு எண்ணினேன். சட்டை வியர்வையில் நனைந்தது. அடிவயிறு கல்லாக இறுகி வலி உயிரைப் பிடுங்கியது. கதவைத் திறந்து வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்த்த நந்தினியின் அப்பா கார் சாவியை எடுத்துவிட்டார்.

அன்னூரிலிருந்து கோவைக்கு வரும் வழி முழுக்க நான் பின்சீட்டில் சுருண்டு கிடந்தேன். அவர் ஓட்டினார். நந்தினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கோவில்பாளையம் தாண்டும்போது அவர், "கல்லு எறங்கி அடைச்சுக்கிச்சாட்ட இருக்குது" என்றார். எனக்கு அந்த நிமிடம் அவமானத்தைவிட அலுப்புதான் அதிகமாக இருந்தது.

"கல்லு இல்லீங்க மாமா," என்றேன். "புராஸ்டேட்ல கட்டி. கல்லுன்னு பொய் சொல்லிப்போட்டோம். மன்னிச்சுக்குங்க."

அவர் காரின் வேகத்தைக் கூட்டினார்.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றச் செலுத்தும் மெல்லிய குழாய்) போட்டார்கள். அதைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உள்ளே போகும்போது கொஞ்சம் எரியும். பிறகு வரும் நிம்மதி இருக்கிறதே, எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இனித் தள்ளிப்போட வேண்டாம், நான்கு நாளில் அறுவை சிகிச்சை என்று மருத்துவர் முடிவு செய்தார். கையெழுத்து வாங்கும் முன்னால் ஒரு ஆபத்தையும் விளக்கினார். கட்டி சிறுநீர்ப்பையின் வாயை ஒட்டி இருக்கிறது. அந்தத் தசையில் பாதிப்பு ஏற்பட்டால் விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடலாம். உடம்புக்குக் கெடுதல் இல்லை, தாம்பத்தியத்துக்கும் தடை இல்லை. ஆனால் குழந்தைக்கு மருத்துவ உதவி தேவைப்படலாம். அது நடக்க வாய்ப்பு குறைவு, நடக்காது என்று உத்தரவாதம் தர முடியாது என்றார்.

அடுத்த நாள் நந்தினி அப்பாவோடு பார்க்க வந்தாள். அம்மா கண்ணாலேயே என்னைத் தடுத்தார். நான் அம்மாவையும் நந்தினியின் அப்பாவையும் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மருத்துவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவளிடம் சொன்னேன். கட்டிலின் பக்கத்தில் கதீட்டரிலிருந்து சிறுநீர் இறங்கும் பிளாஸ்டிக் பை தொங்கிக்கொண்டிருந்தது. இதைவிடக் கேவலமான கோலத்தில் எந்த மாப்பிள்ளையும் பெண்ணிடம் பேசியிருக்க மாட்டான்.

"உங்களுக்கு வேண்டாம்னு தோணுச்சுன்னா நானே உங்க அப்பாகிட்டச் சொல்லிக்கறேனுங்க. பழி உங்க மேல வராது," என்றேன்.

அவள் தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. தவறாக எழுதிய மாணவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"கொழந்தையப் பத்தி அப்பறம் யோசிக்கலாமுங்க. எனக்குக் கோவம் அதுல இல்ல. நானே மூணாவது டம்ளரக் கொண்டுவந்து குடுத்தேன். நீங்க சொல்லீருந்தா குடுத்திருப்பனா? உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் என்னங்க பண்ணியிருப்பேன்?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். நானும் அழுதேன்.

"இனிமே எதுவா இருந்தாலும் எங்கிட்டத்தான் மொதல்ல சொல்லோணும்," என்றாள். அதுதான் அவள் போட்ட ஒரே நிபந்தனை.

அவளுடைய அப்பாவிடம் அவளே பேசினாள். வெளியே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பத்து நிமிடம் கழித்து அவர் உள்ளே வந்து, என் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் நாலு வருசமா இதே ரோதனைதானுங்க மாப்பிள்ளை. சக்கரைன்னு ஊட்டுல சொல்லி வெச்சிருக்கறேன். அந்த டாக்டர் நல்லாப் பாக்கறாருங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்து, சிரித்தால் கதீட்டர் இழுத்து, வலியோடு சிரித்தேன். அந்த வாரமே அவரும் அங்கேயே ஒரு சீட்டு வாங்கி அதே மருத்துவரைப் பார்த்தார்.

அறுவை சிகிச்சை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக முதுகில் ஊசி போட்டார்கள். கட்டியின் கூரையைத் திறந்து வடித்துவிட்டார்கள். எடுத்த திசுவில் கெட்டது எதுவும் இல்லை என்று பரிசோதனையில் வந்தது. மூன்றாம் நாள் கதீட்டரை எடுத்தார்கள். நான் கழிப்பறையில் போய் நின்றேன். எண்ணவே நேரம் கிடைக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு வெளியே இருந்த அம்மா, "வந்துருச்சா கண்ணு?" என்று வார்டுக்கே கேட்கும்படி கத்தினார். இடத்தின் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது என்றவர் அவர்தான்.

ஒரு வாரம் சிறுநீரில் லேசாக ரத்தம் வந்தது, பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆறு வாரம் பைக் ஓட்டவில்லை, கனமானது எதையும் தூக்கவில்லை. விந்து பின்னால் போகிறதா இல்லையா என்பது மட்டும் உடனே தெரியவில்லை. "அதுக்குக் கொஞ்சம் பொறுங்க, இப்ப ஆறட்டும்," என்றார் மருத்துவர். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது.

என்னைப் போல இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வயது குறைவு என்பதற்காக அந்தச் சுரப்பியில் கோளாறே வராது என்று நினைக்காதீர்கள். மாத்திரைக்கு அடங்காவிட்டால் சிறுநீரகவியல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் நோய்க்கு வேறு பெயர் வைத்து யாரிடமும் சொல்லாதீர்கள். அந்தப் பெயருக்கான மருந்தை அன்போடு ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

என் உடம்போடு எனக்கு இப்போது பேச்சுவார்த்தை உண்டு. முன்பு அது சொன்னதை நான் கேட்டதில்லை. இப்போது அது கூப்பிட்டால் எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் எழுந்து போகிறேன். நாள் என்பது ஒரு கழிப்பறைக்கும் அடுத்ததற்கும் இடையில் உள்ள தூரமாக இருந்த காலம் போய், காலையும் மாலையும் அதனதன் நீளத்துக்குத் திரும்பிவிட்டன.

போன மாதம் பெருந்துறையில் ஒரு வளைகாப்புக்கு நானும் நந்தினியும் பஸ்ஸில் போனோம். அவினாசியில் வண்டி நின்றபோது இறங்கிப் போய்விட்டு வந்தவள், கால் மணி நேரத்தில் மறுபடி என் கையைப் பிடித்தாள். "ஏனுங்க, மறுக்காவும் வருதுங்க," என்றாள். நான் எழுந்து நடத்துநரிடம் போனேன்.

"இப்பத்தானுங்களே நின்னுச்சு," என்றார் அவர்.

"என்ற சம்சாரம் மூணு மாசமா இருக்கறாங்க. மூத்திரம் அடக்கக் கூடாதுங்க. அடுத்த பங்க்ல நிறுத்துங்க."

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெட்ரோல் பங்கில் வண்டி நின்றது. கழிப்பறைக்கு வெளியே அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓட்டுநர் ஒருமுறை ஹாரன் அடித்தார். எனக்கு எந்த அவசரமும் இல்லை.

"மெதுவா வா கண்ணு," என்று கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். "வண்டி நிக்கும்."