கந்தகப் புகையும் கொட்டாங்கச்சிக் கரியும்

என் வீட்டுக்காரர் எந்த வேலையையும் தலைகால் புரியாத சந்தோஷத்தோடு ஆரம்பிப்பார். முடிக்க மட்டும் மாட்டார். அலமாரிக்குக் கதவு போடுகிறேன் என்று இறங்கி, ஒரு பக்கம் மட்டும் போட்டு அப்படியே விட்டவர். கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர். கல்யாணமான புதிதில் நாங்கள் காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் குடியிருந்தோம். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, “ஹைட்ரஜன் பெராக்சைடை நம்ம வீட்டிலேயே தயாரிக்கப் போறேன்” என்றார். “தாராளமா” என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினேன்.

ஆனால் இந்த முறை அது விளையாட்டில்லை. என் அப்பாவின் மூச்சுக்காகத்தான் அதில் இறங்கினார்.

அப்பா டவுனில் சாயப்பட்டறை வைத்திருந்தார். பட்டு நூல் இயல்பிலேயே லேசான மஞ்சள். ரோஜா, சந்தனம் மாதிரி இளங்கலர் ஏற வேண்டுமென்றால் முதலில் நூலை வெளுக்க வேண்டும். அதற்கு ஓர் அறை உண்டு. ஈர நூலை மூங்கிலில் வரிசையாகத் தொங்கவிட்டு, தட்டில் கந்தகத்தைக் கொளுத்தி வைத்து, கதவை அடைத்துவிடுவார்கள். மறுநாள் கதவைத் திறந்து முதலில் உள்ளே போகிறவர் அப்பா. அவர் இருமுவது தெருமுனை வரை கேட்கும். டாக்டர் திட்டினார், அம்மா அழுதாள், நான் கெஞ்சினேன். “பொகை இல்லாம வெள்ளை எங்கேருந்துமா வரும்?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

பெராக்சைடு புகையில்லாமல் வெளுக்கும். ஆனால் மெட்ராஸிலிருந்து வாங்கிவந்து பார்த்தபோது, வெயிலில் வீரியமெல்லாம் போய்ப் பச்சைத் தண்ணீராகத்தான் வந்து சேர்ந்தது. அதனால்தான் வீட்டிலேயே தயாரிக்கக் கிளம்பினார்.

எனக்கும் விளக்கினார். காஸ்டிக் சோடாக் கரைசலில் காற்றை ஊதி, கரண்ட் விட வேண்டும். கரண்ட் விடும் குச்சி சில உலோகங்களில் இருந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜன் முழுசாகத் தண்ணீராகவே மாறிவிடும். கரியில் மட்டும் பாதி வழியில் நின்று பெராக்சைடாகும்.

“அப்போ வேலைய பாதியில விடறதுதான் கரியோட கெட்டிக்காரத்தனமா?”

“ஆமாம்மா! அதேதான்!”

“உங்களுக்கு ஏத்த சரக்குதான்” என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

பின்கட்டு அவருடைய லேபாரட்டரி ஆனது. ஒரு மண் கலயம், ஓர் இரும்புத் தகடு, வாடகைக்கு எடுத்த லாரி பேட்டரி, காற்றடிக்க சைக்கிள் பம்பு. முதலில் டார்ச் செல்லை உடைத்து அதிலிருந்த கரிக்குச்சியைப் போட்டுப் பார்த்தார். பெயருக்குத்தான் ஏதோ வந்தது. பிறகு கொட்டாங்கச்சியைச் சுட்டு, கரியைத் தூளாக்கி, குச்சியைச் சுற்றிக் கட்டினால் நன்றாக வரும் என்றார். தூளைக் கட்ட நெருக்கமாக நெய்த துணி வேண்டும். காஞ்சிபுரத்தில் இருக்கிற மனுஷனுக்கு நெருக்கமான துணி என்றதும் எது ஞாபகம் வரும்? என் கல்யாணப் புடவையின் ஓரத்தை என்னைக் கேட்காமலே கிழித்துப் பையாகக் கட்டிவிட்டார்.

காஸ்டிக் சோடாவில் பட்டு கரைந்துவிடும். சாயப்பட்டறைக்காரர் மகளான எனக்கு அது தெரியும்; கெமிஸ்ட்ரி படித்த மகானுக்குத் தோன்றவில்லை. நான் பார்த்தபோது பை இருந்த இடத்தில் கறுப்புச் சேறுதான் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள் அப்பாவைப் பார்க்கப் போனேன். ஒரு டம்ளர் காபியைக் குடித்து முடிப்பதற்குள் அவர் எத்தனை தரம் நிறுத்தி மூச்சு வாங்கினார் என்று பார்த்தேன். திரும்பி வந்து, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து நானே ஒரு பை தைத்துக் கொடுத்தேன்.

அந்தப் பைதான் வேலை செய்தது. ஆசிட் விட்ட பெர்மாங்கனேட் தண்ணீரில் கலயத்துக் கரைசலைச் சொட்டினார். பெராக்சைடு இருந்தால் அதன் நிறம் போய்விடுமாம். ரோஜா நிறம் சட்டென்று மறைந்தது. பின்கட்டில் இரண்டு பேரும் குதித்தோம். அவரை அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு பிடித்தது.

ஆனால் கொஞ்சமாகத்தான் வந்தது. கரியிலிருக்கும் இரும்பு, உண்டான பெராக்சைடைக் கெடுத்துவிடுமாம். அதற்காகக் கரியை ஆசிட்டில் அலசுவார், தண்ணீரில் அலசுவார், மறுபடியும் சோடாவில் கை வைப்பார். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டார். போதும் விடுங்கள் என்று நானே சொன்னேன். எதையும் முடிக்காத மனுஷன் இதை மட்டும் விடவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பாட்டில் சேர்ந்ததும் பட்டறைக்குக் கொண்டுபோனோம். சோடாவின் காரத்தைக் குறைத்து, வெதுவெதுப்பாக்கி, அதில் ஒரு கண்டு நூலை ஊறவைத்தார். அப்பா அதை எடுத்துப் பிழிந்து வெயிலில் பிடித்தார். வெளுத்திருந்தது. கந்தகத்து வெள்ளை இல்லை, தந்த நிறம். அப்பா நூலைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினார்.

“மாப்ளே, கைய காட்டுங்க.”

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்பா விடாமல் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

“இன்னா மாப்ளே இது? தோலெல்லாம் உரிஞ்சிக்கினு இருக்குது.”

“ஒண்ணுமில்ல மாமா. இன்னும் கொஞ்ச நாள்ல நல்லா ஸ்ட்ராங்கா வந்துடும். அப்புறம் நீங்க அந்த ரூமுக்குள்ளயே போக வேணாம்.”

அப்பா அந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “இனிமே இந்தப் பட்டறையில எளங்கலரு எடுக்கப் போறதில்ல” என்றார். “அரக்கு, மயில்கழுத்து, கரும்பச்சை போதும். அதுக்கு வெளுக்கவே வேணாம். பொகையும் வேணாம், உங்க மருந்தும் வேணாம்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இத்தனை வருஷமா நாங்க கெஞ்சினமே நைனா, அப்பல்லாம் இது தோணலையா?”

“அது என் நெஞ்சும்மா” என்றார். “இது மாப்ளே கை.”

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவரச் சொன்னார். மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு விரலாக அவரே தடவிவிட்டார். இருமல் வரும்போது மட்டும் நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிடித்த கையை விடவில்லை.